ஏழுமுறை விழுகிறவன்

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகும் சாலையில் முதலில் ரெட்டியார்சத்திரம் வரும், அதைத் தாண்டி ஒட்டன்சத்திரம். இரண்டு ஊரின் பெயரிலும் சத்திரம் இருக்கிறது. நடந்து போகிறவர்கள் தங்கிப் போன சாலை இது. தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் இன்றும் பச்சை வேட்டியும் காவடியுமாகக் கூட்டம் நடந்துகொண்டே இருக்கும். மற்ற நாட்களில் விவசாயம்தான் பேச்சு. தக்காளி விலை சரிந்த வருஷம், பறிகூலிக்கே கட்டாது என்று காயைச் செடியிலேயே விட்டுவிடுகிற வட்டாரம்.

இந்த மண்ணில் கிறிஸ்தவமும் பழசுதான். திண்டுக்கல்லின் பேராலயமே புனித சூசையப்பர் பெயரில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மதுரை மிஷன் இங்கே பள்ளிக்கூடங்களையும் சபைகளையும் வைத்தது. இப்போது தகரக் கூரை போட்ட சிறு ஜெபவீடுகளும் உண்டு. கோயில் எதுவானாலும் ஆண்களுக்கென்று தனியாக ஒரு பேச்சு நடக்கிறது. ஆண்கள் ஐக்கியம், தியானம், உபவாசக் கூட்டம் என்று பெயர்தான் மாறும். விஷயம் ஒன்றே: தோல்வி வந்தாலும் நீதியான வாழ்க்கையை விட்டுவிடாதே.

இந்தப் பேச்சை ஓர் இலக்கிய வகையாக எடுத்துக்கொண்டு பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அதற்கென்று வடிவம் இருக்கிறது, வழக்கமான கதாபாத்திரங்கள் இருக்கிறார்கள். நீதிமொழிகள் 24ஆம் அதிகாரத்தில் வருகிற, ஏழுமுறை விழுந்தும் எழுகிற நீதிமானில் தொடங்கும். கோலியாத் முன் நிற்கும் தாவீது வருவான். முடி மழிக்கப்பட்ட சிம்சோன் வருவான், அண்ணன்மார் குழியில் தள்ளிய யோசேப்பு வருவான். கடைசியில் குரல் உயரும். "நீ ஆம்பளை. எந்திரிச்சு நில்லு. உன் குடும்பம் உன்னை நம்பித்தான் இருக்கு."

இந்த வகையைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. நம்மூர் ஆண்களிடம் வேறு யார் இப்படி உட்கார்ந்து பேசுகிறார்கள்? கடன்காரன் பேசுவான், கட்சிக்காரன் பேசுவான், டாஸ்மாக் வாசலில் கூட்டாளி பேசுவான். "நீ தோற்றுப்போனது எனக்குத் தெரியும், ஆனாலும் நீ முடிந்துபோனவன் இல்லை" என்று ஒரு மனிதனின் முகத்தைப் பார்த்துச் சொல்வது சின்னக் காரியமில்லை. ஆனால் இந்தப் பேச்சு தன் சொந்த மரபைச் சரியாக வாசிக்கவில்லை என்பது என் வாதம். தமிழில் இதே பொருளை எடுத்துக்கொண்ட இரண்டு பெருங்காப்பியங்கள் இருக்கின்றன. அவை சொல்வதும் இந்தப் பேச்சு சொல்வதும் வேறு வேறு.

*

முதலில் அந்த ஏழுமுறை விழுதலையே எடுத்துக்கொள்வோம். பிரசங்கத்தில் அது பெரும்பாலும் பாவத்தில் விழுவதாகவே சொல்லப்படுகிறது. குடித்தாய், எழு. மறுபடி குடித்தாய், மறுபடி எழு. மூலத்தில் அந்த வாக்கியம் யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்று கவனித்தால் விஷயம் வேறாகத் தெரியும். அது நீதிமானின் வீட்டுக்கு எதிராகப் பதுங்கியிருக்கும் துஷ்டனுக்குச் சொல்லும் எச்சரிக்கை. அவன் வீட்டைக் கெடுக்கப் பார்க்காதே, அவன் எத்தனை முறை கவிழ்ந்தாலும் எழுந்துவிடுவான் என்பது பொருள். இங்கே விழுவது என்றால் கேடு வருவது, நொடித்துப்போவது. அடுத்த வசனமே, உன் பகைவன் விழுந்தால் அதைப் பார்த்துச் சந்தோஷப்படாதே என்கிறது.

இரண்டு விழுதலையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் என்ன ஆகும்? விலை சரிந்து நொடித்தவனும் குடித்து நொடித்தவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கண்டிப்பைக் கேட்பார்கள். விலை சரிந்தவன் தன்னிடம் எங்கேயோ பாவம் இருக்கிறது என்று தேட ஆரம்பிப்பான். யோபுவின் நண்பர்கள் செய்த வேலை இதுதான். குப்பைமேட்டில் உட்கார்ந்திருப்பவனிடம் வந்து, நீ ஏதாவது செய்திருப்பாய் என்று வாதாடினார்கள். அந்தப் புத்தகத்தின் முடிவில் கடவுள் கோபப்படுவது அந்த நண்பர்கள் மேல்தான்.

எழுவதைப் பற்றிய பேச்சிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. ஆண்மை, போர், வெற்றி என்ற சொற்களாலேயே நீதியான வாழ்க்கையைப் பேசுவது விவிலியத்திலிருந்து நேராக இறங்கி வந்த பழக்கம் இல்லை. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சார்லஸ் கிங்ஸ்லி, தாமஸ் ஹியூஸ் போன்றவர்களை ஒட்டி, உடல்வலுவும் விசுவாசமும் கைகோத்துப் போகும் ஒரு கிறிஸ்தவம் பிரபலமானது. தசைவலுக் கிறிஸ்தவம் என்றே அதைக் கிண்டலாக அழைத்தார்கள். அமெரிக்காவில் 1990இல் ஒரு கால்பந்துப் பயிற்சியாளர் தொடங்கிய 'பிராமிஸ் கீப்பர்ஸ்' இயக்கம் விளையாட்டு மைதானங்களை ஆண்களால் நிரப்பியது. 2001இல் வந்த ஜான் எல்ட்ரெட்ஜின் புத்தகம் ஒவ்வொரு ஆணுக்குள்ளும் போர் செய்யும் ஆசை இருக்கிறது என்று சொல்லி லட்சக்கணக்கில் விற்றது. இந்தக் குரல்கள் புத்தகமாகவும் காணொளியாகவும் உலகம் முழுக்கப் போயின. நம்மூர் ஒலிபெருக்கியில் கேட்கும் தொனியிலும் அதன் சாயல் இருக்கிறது.

*

இனி காப்பியங்கள். முதலாவது எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்'. 1827இல் திருநெல்வேலிப் பக்கம் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, 1858இல் கிறிஸ்தவரானவர். ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட பயணக் கதையைத் தழுவி, ஐந்து பருவங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்களாக விரித்தார். நூல் வெளிவந்தது 1894இல். உரைநடையில் 'மோட்சப் பிரயாணம்' என்ற பெயரில் அதே கதையைத் தெரிந்தவர்கள் கிறிஸ்தவ வீடுகளில் அதிகம்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதுகில் பாரத்தோடு ஒருவன் அழியப்போகிற நகரத்தை விட்டு மோட்ச நகரத்தை நோக்கி ஓடுகிறான். விடாமல் போகிறவனின் கதை. அதனால்தான் ஆண்களுக்கான பேச்சில் இது அடிக்கடி உதாரணமாக வருகிறது. ஆனால் அவன் எப்படிப் போகிறான் என்று நின்று பார்க்க வேண்டும். முதல் அடியிலேயே சேற்றில் விழுகிறான். கூட வந்தவன் வேகமாகக் கரையேறி வீட்டுக்கே திரும்பிவிடுகிறான். நம் ஆள் தன் பலத்தில் வெளியே வருவதில்லை, இன்னொருவர் வந்து கையைப் பிடித்துத் தூக்குகிறார். மலையேறும்போது நிழலில் தூங்கிப்போய்க் கையிலிருந்த சுருளைத் தொலைக்கிறான். வழி கடினமாக இருக்கிறதே என்று பக்கத்துப் புல்வெளிப் பாதையில் இறங்கி, விரக்தி என்னும் அரக்கனின் கோட்டையில் சிறைப்படுகிறான். செத்துவிடலாமா என்று அங்கே யோசிக்கிறான். இதைப் பனியன் மறைக்கவில்லை. அப்போது அவனை நிறுத்திவைப்பது உடன் இருக்கும் தோழனின் பேச்சு.

கடைசியில் ஆறு. மோட்ச நகரம் எதிர்க்கரையில் தெரிகிறது. இத்தனை தூரம் வந்தவன் அங்கே கம்பீரமாக நடந்து போவான் என்றுதானே எதிர்பார்ப்போம்? அவன் மூழ்குகிறான். பயத்தில் புலம்புகிறான், நினைவு தப்புகிறது. தோழன் அவன் தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டே கரை சேர்க்கிறான். உலகம் முழுக்க விடாமுயற்சியின் பாடமாகச் சொல்லப்படும் கதையின் நாயகன், இன்னொருவன் கையில் தொங்கியபடிதான் கரையேறுகிறான். பிரசங்கத்தில் இந்த இடம் வருவதே அபூர்வம்.

கிருஷ்ணபிள்ளை இதோடு தன் பங்காக ஒன்றைச் சேர்த்தார். பனியனில் சிலுவை ஒரு சிறிய காட்சி. பயணி அதன் முன் வந்ததும் பாரம் தானாக அவிழ்ந்து விழுகிறது, அவ்வளவுதான். தமிழ்க் காப்பியத்திலோ இயேசுவின் பாடுகளைச் சொல்லும் இரட்சணிய சரிதப் படலம் விரிவாக அமைந்திருக்கிறது. அடிபட்டும் ஏளனப்பட்டும் நிற்பவரைப் பார்த்து உருகுகிற பக்தி, ஆழ்வார்களைக் கேட்டு வளர்ந்த ஒருவரின் பக்தி. இந்தப் பெரிய நூலில் உபதேசம் நீண்டு கதை நிற்கும் இடங்கள் நிறைய. உருவகப் பாத்திரங்கள் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு நடப்பது போலத் தோன்றும். ஆனால் அந்தப் படலத்தால் காப்பியத்தின் எடை பயணியின் வைராக்கியத்தை விட்டு, அவனுக்காக அடிபட்டவரின் பொறுமைக்கு மாறிவிடுகிறது. இதை நான் கிருஷ்ணபிள்ளையின் மிகப்பெரிய இலக்கிய முடிவாகக் கருதுகிறேன்.

இந்தக் கதையில் எனக்கு ஒரு மனத்தடையும் உண்டு. ஓடத் தொடங்கும்போது மனைவியும் பிள்ளைகளும் பின்னால் நின்று கூப்பிடுகிறார்கள். அவன் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். ஆன்மாவின் அவசரத்துக்கு அது உருவகம், சரி. ஆனால் வீட்டை விட்டு ஓடுகிற ஆண்களால் ஏற்கெனவே நிறைய அனுபவித்திருக்கிற ஊர்களில் இந்தக் காட்சி சங்கடமானது. பனியனுக்கே அது உறுத்தியிருக்க வேண்டும். 1684இல் இரண்டாம் பாகம் எழுதி, மனைவியையும் பிள்ளைகளையும் அதே வழியில் நடத்திக் கொண்டுபோனார். அவருடைய சொந்த வாழ்க்கை இன்னும் கடுமை. உரிமமில்லாமல் பிரசங்கம் செய்வதை நிறுத்த மறுத்து 12 வருடம் பெட்ஃபோர்டு சிறையில் இருந்தார். வெளியே மனைவியும், கண் தெரியாத மூத்த மகள் மேரியும் மற்றப் பிள்ளைகளும். அந்தக் குழந்தையை விட்டுப் பிரிந்திருப்பதன் வேதனையைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சிறையிலேயே காலணிக் கயிறுகள் செய்து விற்று வீட்டுக்குப் பணம் அனுப்பினார். காதைப் பொத்திக்கொண்டு ஓடியவனை எழுதியவர், காதைப் பொத்திக்கொள்ள முடியாத தகப்பன்.

*

இரண்டாவது காப்பியம் வீரமாமுனிவரின் 'தேம்பாவணி', 1726இல் முடிக்கப்பட்டது. மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல்கள். நாயகன் சூசையப்பர். யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்குப் பெருகுதல் என்ற பொருள் இருப்பதால் அவரை வளன் என்று தமிழாக்கினார் முனிவர். திண்டுக்கல் பேராலயத்தின் பாதுகாவலரும் இந்த வளன்தான்.

தன்னேரில்லாத் தலைவன் வேண்டும் என்பது தமிழ்க் காப்பிய இலக்கணம். பெஸ்கி தேர்ந்தெடுத்ததோ ஒரு தச்சனை. தாவீதின் வம்சம் என்ற பெருமை அவனுக்கு உண்டு, ஆனால் போர் இல்லை, வெற்றி இல்லை. சுவிசேஷங்களில் அவன் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. சோசுவன், செதெயோன் முதலான பழைய ஏற்பாட்டு வீரர்களின் கதைகளும் தேம்பாவணியில் வருகின்றன. ஆனால் அவை கிளைக்கதைகளாகத்தான் வருகின்றன. வீரர்கள் எல்லோரும் சொல்லப்படும் கதைக்குள் இருக்க, காப்பியத்தின் நடுவில் மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு நடக்கிறவன் இருக்கிறான். இன்றைய ஆண்கள் கூட்டத்தில் இந்த வரிசை தலைகீழ். அங்கே தாவீதும் சிம்சோனும் நடுவில் நிற்பார்கள். சூசையப்பர் மார்ச் 19 வந்தால் நினைக்கப்படுவார்.

விமர்சனமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெஸ்கியின் வளன் பிறந்ததிலிருந்தே முழுமையானவன். குழந்தையிலேயே துறவு மனம், குற்றமே இல்லாத வளர்ச்சி. வாசகன் பிடித்துக்கொள்ள ஒரு கீறல்கூடக் கிடைப்பதில்லை. கடைசிப் படலம் முடிசூட்டு. மரவேலை செய்து காய்த்துப்போன கையை முனிவரின் அலங்காரத் தமிழ் அவ்வப்போது மூடிவிடுகிறது. இந்தக் குறை பெரிய குறைதான்.

ஆனால் ஐயந்தோற்று படலத்தில் அந்த முழுமை உடைகிறது. மரியாள் கருவுற்றிருப்பதை வளன் காண்கிறான். மத்தேயு இரண்டு மூன்று வசனங்களில் கடந்துபோகும் இடத்தை முனிவர் ஒரு படலமாக்கி, அது நீங்குவதற்கு அடுத்த படலத்தைக் கொடுக்கிறார். கண்ணால் கண்டதை மறுக்க முடியவில்லை, அவளைத் தப்பாக நினைக்கவும் முடியவில்லை. அவனுடைய மானம் போகிற இடம் அது. நம் சமூகத்தில் ஆண்மை என்ற சொல் கத்தியைத் தூக்குகிற இடமும் அதுவே. மத்தேயு அவனை நீதிமான் என்று அழைப்பது சரியாக இந்த இடத்தில்தான். அவன் நீதிமானாக இருந்தபடியால் அவளைச் சந்தி சிரிக்க வைக்க விரும்பவில்லை, ரகசியமாக விலகிக்கொள்ள நினைத்தான். நீதி என்ற சொல்லுக்கு இங்கே கிடைக்கும் பொருளைப் பாருங்கள். தான் காயப்பட்ட நேரத்திலும் இன்னொருத்தியின் மானத்தைக் காப்பாற்றுவது. எந்த ஆண்கள் கூட்டத்துக்கும் இதைவிடப் பெரிய தலைப்பு கிடைக்காது என்பேன்.

பிறகு தூதன் கனவில் வருகிறான். மத்தேயுவின் கிரேக்க மூலத்தில் வளனைப் பற்றி ஒரே வினைச்சொல் மூன்று முறை வருகிறது: எழுந்து. எழுந்து மனைவியைச் சேர்த்துக்கொண்டான். எழுந்து பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்குப் போனான். எழுந்து அவர்களோடு திரும்பி வந்தான். நீதிமான் எழுவான் என்ற பழைய வாக்கு இங்கே நடக்கிறது. எதிரியைப் பார்த்து எழுவதில்லை இது. ஒவ்வொரு முறையும் ஒருத்தியையும் ஒரு குழந்தையையும் அழைத்துக்கொள்வதற்காக எழுகிறான். திரும்பி வந்தபோதும் யூதேயாவில் அர்கெலாவு ஆள்கிறான் என்று கேள்விப்பட்டுப் பயந்து, கலிலேயாவுக்கு வழியை மாற்றிக்கொள்கிறான். பயந்தான் என்று சுவிசேஷம் வெளிப்படையாகவே சொல்கிறது. பயமும் நீதியும் ஒரே ஆளிடம் இருக்கலாம். போப் பிரான்சிஸ் 2020 டிசம்பரில் வெளியிட்ட சூசையப்பர் பற்றிய மடலிலும், நிழலில் நிற்கும் இந்தத் தகப்பனைத்தான் முன்னே கொண்டுவந்தார்.

பெஸ்கி திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தவர். இடுக்கண் அழியாமை அதிகாரம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். துன்பம் வந்தால் சிரி, துன்பத்துக்கே துன்பம் கொடு என்று சொல்லும் அதிகாரம் அது. வள்ளுவரின் அந்த நிமிர்வு அழகானது. தேம்பாவணியின் நாயகனோ துன்பத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. கலங்குகிறான், தூங்குகிறான், எழுந்து நடக்கிறான்.

*

ஓர் எதிர்க்கேள்வி வரும். "காப்பியம் படிக்க நல்லா இருக்கும்ங்க. ஆனா தெனம் குடிச்சிட்டு வர்றவன்கிட்ட ஐயந்தோற்று படலமா சொல்லுவீங்க? அவனுக்கு ஒரு அதட்டல் வேணும்ல?" நியாயமான கேள்வி. அதட்டலால் ஒரு இரவு திருந்தியவர்கள் உண்டு, ஒரு வருஷம் திருந்தியவர்களும் உண்டு. ஆனால் குடியிலிருந்து மீள்வதற்காக 1935இல் அமெரிக்காவின் ஆக்ரனில் இரண்டு குடிநோயாளிகள் சேர்ந்து தொடங்கிய ஏ.ஏ. இயக்கத்தின் முதல் படி என்ன? என்னால் இதை அடக்க முடியவில்லை என்று ஒப்புக்கொள்வது. அடுத்து, அதைச் சொல்ல ஓர் இடமும் கேட்க நாலு பேரும் இருப்பது. தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் அவர்கள் கூடுகிறார்கள். அங்கே மறுபடி குடித்துவிட்டவன் மறுபடி வந்து உட்காரலாம். "ஆம்பளையா இரு" என்று கேட்டுப் பழகியவனோ மறுபடி விழுந்ததும் அந்தப் பக்கமே வரமாட்டான். வெட்கம் அவனைத் தடுத்துவிடும். அடுத்த ஞாயிறு அவன் மனைவி மட்டும் பிள்ளைகளோடு வருவாள். இந்தப் பேச்சு தோற்கும் இடம் அந்தக் காலி பெஞ்சு.

சத்திரம் என்ற சொல் தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் இரண்டு முக்கியமான இடங்களில் வருகிறது. பெத்லகேமில் வளனுக்கும் நிறைமாதமான மனைவிக்கும் சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை. எரிகோ சாலையில் கள்ளர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராகக் கிடந்தவனைச் சமாரியன் சத்திரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். கிரேக்கத்தில் இரண்டுக்கும் வெவ்வேறு சொல். சமாரியன் கதையில் வருகிற சொல்லின் வேரிலேயே எல்லோரையும் ஏற்கும் இடம் என்ற பொருள் இருக்கிறது. தமிழ் இரண்டையும் ஒரே சொல்லில் சேர்த்துவிட்டதால், ஒரு கதையில் மறுக்கப்பட்ட இடம் அடுத்த கதையில் கிடைப்பதைத் தமிழ் வாசகன் காதாலேயே கேட்கலாம்.

எரிகோ சாலையில் கிடந்தவனிடம் யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. அவனால் எழ முடியாது. காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றி, இரண்டு காசு முன்பணமாகக் கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று ஏற்பாடு செய்துவிட்டுப் போகிறான் சமாரியன். நடக்கிற சாலையில் சத்திரம் எதற்கு என்று ரெட்டியார்சத்திரத்துக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பழனிக்கு நடக்கிறவன் எத்தனை வைராக்கியமானவனாக இருந்தாலும் ராத்திரி எங்கேயாவது காலை நீட்ட வேண்டும். கொப்புளத்துக்கு யாராவது மருந்து போட வேண்டும். வழியில் தங்கியதால் அவன் விரதம் குறைந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

ஆண்களுக்கான ஊக்கப் பேச்சு இந்த அறிவைத் தன்னுடைய இரண்டு காப்பியங்களிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். கிருஷ்ணபிள்ளையின் கதையிலிருந்து ஆற்றில் தலையைத் தாங்கிப் பிடித்த தோழனை எடுத்துக்கொள்ளலாம். பெஸ்கியிடமிருந்து, பயத்தோடு எழுந்து குழந்தையைத் தூக்கிக்கொண்ட தச்சனை எடுத்துக்கொள்ளலாம். கோலியாத்தை ஒரு வருஷம் ஓய்வெடுக்க விடலாம். பேச்சின் முடிவில் எழுந்திரு என்பதோடு இரண்டு கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளலாம்: இந்த வாரம் விழுந்தவன் யார், அவனைப் பார்க்க யார் போகிறீர்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்கிற சபையில் அந்தக் காலி பெஞ்சைத் தேடி ஒருவர் வீடு வரைக்கும் போவார். கதவு திறக்க நேரமாகலாம். திறந்தபின் என்ன பேசுவது என்பதில் பாதிக்கு மேல் வளனிடம் கற்றுக்கொள்ளலாம். சுவிசேஷத்தில் அவன் ஒன்றுமே பேசவில்லை, பக்கத்தில் இருந்தான்.